நோயுற்ற குழந்தையும் வாய்மை அறமும்

கொல்லாமையும் வாய்மையும் ஒன்றுக்கொன்று துணையாகும் அறங்கள். ஒன்றை உறுதியாகப் பற்றியவர்க்கு மற்றதும் எளிதில் கைகூடும் என்றே நாம் எண்ணி வாழ்கிறோம். ஆயினும் இல்லறத்தில் இவ்விரண்டும் எதிரெதிரே நிற்பன போலத் தோன்றும் வேளைகளும் உண்டு. உண்மையைச் சொன்னால் ஓர் உள்ளம் புண்படும்; சொல்லாது விட்டால் வாய்மை குன்றும். அத்தகைய வேளைகளுள் மிகக் கடினமானது, தீராத நோயுற்ற ஒரு குழந்தையின் படுக்கையருகே நாம் நிற்கும் வேளையாகும்.

"எனக்கு என்ன உடம்புக்கு?" என்று அக்குழந்தை கேட்டால் என்ன சொல்வது? "ஒன்றுமில்லை, சரியாகிவிடும்" என்பதே பெரும்பாலோர் விடை. நம் தாய்மார்கள் அதைத்தான் சொன்னார்கள். நாமும் அதைத்தான் சொல்லி வருகிறோம். அது கருணையா, பொய்யா? கருணையினால் சொல்லப்பட்ட பொய் என்றால், அக்கருணை யார்மீது கொண்டது? இவ்வினாவைச் சற்றுப் பொறுமையோடு ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கம்.

இதற்கு நாம் எடுத்துக்கொள்வது ஜப்பான் நாட்டுச் சிறுமி சடாகோ சசாகியின் வாழ்க்கை. காகிதக் கொக்குகள் மடித்த சிறுமி என்று அவளை நம் வீட்டுப் பிள்ளைகளும் அறிவர். ஆனால் அவளுடைய கொக்குகளை அறிந்த அளவுக்கு, அவள் யாருக்கும் காட்டாமல் வைத்திருந்த ஒரு துண்டுத் தாளை நாம் அறிவதில்லை. நம் ஆராய்ச்சிக்கு அத்தாளே முதன்மையானது.

போர் முடிந்தபின் வந்த நோய்

1945ஆம் ஆண்டு ஆகஸ்டுத் திங்கள் 6ஆம் நாள் காலை 8.15 மணிக்கு ஹிரோஷிமா நகரின்மீது அணுகுண்டு வெடித்தது. அவ்வாண்டு இறுதிக்குள் இறந்தோர் ஏறத்தாழ 1,40,000 பேர் என்று மதிப்பிடப்பட்டுள்ளது. 1943ஆம் ஆண்டு ஜனவரியில் பிறந்த சடாகோவுக்கு அப்போது இரண்டரை வயது. குண்டு வெடித்த இடத்திலிருந்து இரண்டு கிலோமீட்டருக்கும் குறைவான தொலைவில் அவளுடைய வீடு இருந்தது. குழந்தையின் உடலில் கண்ணுக்குத் தெரியும் காயம் எதுவும் ஏற்படவில்லை. தாய் அவளைத் தூக்கிக்கொண்டு நெருப்பிலிருந்து தப்பி ஓடினார். வழியில் கரியும் புழுதியும் கலந்த கருநிற மழை அவர்கள்மேல் பெய்தது. பாட்டியார் அன்று உயிரிழந்தார்.

சில நாட்களில் போர் முடிந்தது. தகப்பனார் மீண்டும் முடிதிருத்தும் கடை வைத்தார். குழந்தை வளர்ந்தாள், பள்ளிக்குச் சென்றாள். ஓட்டத்தில் வல்லவள் என்று பெயர் பெற்றாள். ஆறாம் வகுப்பில், 1954ஆம் ஆண்டு இலையுதிர் காலத்தில் நடந்த பள்ளி விளையாட்டு விழாவில், தொடர் ஓட்டத்தில் தன் வகுப்பின் வெற்றிக்கு உழைத்தாள். அவ்வாண்டு நவம்பரில் அவளுடைய கழுத்திலும் காதுகளின் பின்னும் வீக்கம் கண்டது. 1955 ஜனவரியில் கால்களில் ஊதா நிறப் புள்ளிகள் தோன்றின. பிப்ரவரி 21ஆம் நாள் ஹிரோஷிமா செஞ்சிலுவை மருத்துவமனையில் சேர்க்கப்பட்டாள். இரத்தப் புற்றுநோய் என்றும், மிஞ்சினால் ஓராண்டு வாழ்வாள் என்றும் மருத்துவர் தகப்பனாரிடம் கூறினர்.

இந்நோய் எவ்வாறு வருகிறது என்பதைப் பிள்ளைகளுக்கு விளக்கும் முறையில் சொல்லலாம். நம் எலும்புகளின் உள்ளே இருக்கும் மச்சைதான் இரத்த அணுக்களை உண்டாக்கும் நாற்றங்கால். அணுக்கதிர் அங்கே ஓர் உயிரணுவின் உள்ளமைப்பைச் சிதைத்துவிட்டால் அச்சிதைவு உடனே வெளிப்படுவதில்லை. சோளக் கதிரில் விழுந்த பூச்சியை மேல்தோகை மறைத்திருப்பதுபோல உடம்பு அதை மறைத்திருக்கும். சில ஆண்டுகள் கழித்து முதிராத வெள்ளணுக்கள் அளவின்றிப் பெருகி, நல்ல அணுக்களுக்கு இடமில்லாமல் செய்துவிடும். ஹிரோஷிமாவிலும் நாகசாகியிலும் குண்டு விழுந்த சில ஆண்டுகளுக்குப் பின்னரே இரத்தப் புற்று மிகுந்து காணப்பட்டது. சிறு வயதில் கதிருக்கு உட்பட்டவர்களையே அது அதிகமாகத் தாக்கியது.

போர் முடிந்த நாளை வரலாற்று நூல்கள் குறித்து வைத்துள்ளன. ஒரு குழந்தையின் மச்சைக்குள் போர் என்று முடிகிறது என்பதை எந்த நூலும் குறிப்பதில்லை. கொலை என்பது வாள் பட்ட கணத்தோடு முடிவது என்று எண்ணுபவர்கள் இதனைச் சிந்திக்க வேண்டும். ஒன்பது ஆண்டுகள் ஓடி விளையாடிய ஒரு குழந்தையைப் பத்தாம் ஆண்டில் வந்து பற்றிய இம்சை அது.

பெற்றோர் செய்தது

சடாகோவிடம் நோயின் பெயரைப் பெற்றோர் சொல்லவில்லை. மருத்துவமனையிலும் சொல்லவில்லை. அவர்களைக் குறை கூற நமக்குத் தகுதியில்லை. அக்காலத்தில் இந்நோய்க்குத் தீர்வு இல்லை. 1948ஆம் ஆண்டு அமெரிக்காவில் சிட்னி பார்பர் என்னும் மருத்துவர் குழந்தைகளின் இரத்தப் புற்றைச் சில திங்கள் அடக்கிவைக்கும் மருந்தைக் கண்டறிந்து வெளியிட்டிருந்தார். அடங்கிய நோய் மீண்டும் வந்துவிடும். இரத்தம் ஏற்றுவதும் வலியைத் தணிப்பதுமே மருத்துவர் கையில் இருந்தன. தீராத நோயைப் பற்றி நோயாளியிடம் சொல்லாதிருப்பதே அன்று பல நாடுகளில் மருத்துவர்களின் வழக்கமாகவும் இருந்தது.

சொல்ல முடியாததைப் பெற்றோர் வேறு வகையில் சொன்னார்கள். செல்வமில்லாத அக்குடும்பம், செர்ரிப் பூக்கள் அச்சிட்ட துணியில் அவளுக்கு ஒரு கிமோனோ உடை தைத்துத் தந்தது. பெண் குழந்தை வளர்ந்து பெரியவளாகும்போது உடுத்த வேண்டியதை முன்னதாகவே உடுத்திப் பார்த்துவிட வேண்டும் என்னும் ஏக்கம் அதில் இருந்தது. பெற்றவர்களுக்கு அது விளங்கும். குழந்தைக்கு விளங்காது என்று எண்ணுவதில்தான் நாம் அனைவரும் தவறுகிறோம்.

அந்தத் துண்டுத் தாள்

அவ்வாண்டு கோடையில் அதே மருத்துவமனையில் ஒரு சின்னஞ்சிறு பெண் இரத்தப் புற்றால் இறந்தாள். சடாகோ அவளுடைய உடலைக் கண்டாள். தானும் இவ்வாறே இறப்போமோ என்று தன் அறையில் இருந்த மூத்த பெண்ணிடம் அவள் கேட்டதாகப் பின்னாளில் நினைவுகூரப்பட்டது. பெற்றோரிடம் கேட்கவில்லை.

சடாகோ இறந்தபின், அவள் எழுதி வைத்திருந்த ஒரு தாள் கிடைத்தது. அதில் அவளுடைய இரத்தப் பரிசோதனைக் கணக்குகள் இருந்தன: வெள்ளணுக்கள் எத்தனை, சிவப்பணுக்கள் எத்தனை, இரத்தச் சத்து எவ்வளவு என்று, நாள்வாரியாக, அவளுடைய கையெழுத்தில். யாரும் அவளிடம் சொல்லவில்லை; அவளே அறிந்துகொண்டு எழுதியிருக்கிறாள். பன்னிரண்டு வயதுக் குழந்தை தன் நோயின் ஏற்ற இறக்கத்தைத் தானே கணக்கெழுதி, பெரியவர்கள் கண்ணில் படாமல் வைத்திருந்தாள்.

ஆக, அந்த அறையில் இரண்டு மறைப்புகள் இருந்தன. குழந்தை வருந்தக் கூடாது என்று பெற்றோர் மறைத்தனர். பெற்றோர் வருந்தக் கூடாது என்று குழந்தை மறைத்தாள் என்றே நாம் கருதுகிறோம். இருவரும் ஒருவர்மீது ஒருவர் கொண்ட அன்பினால்தான் அவ்வாறு செய்தனர். ஆனால் அதன் பயன் என்ன? மிகப் பெரிய அச்சத்தை அக்குழந்தை தனியே தாங்கினாள். தாயின் மடி அருகிலேயே இருந்தும், அந்த ஒன்றை மட்டும் அம்மடியில் இறக்கி வைக்க அவளால் இயலவில்லை.

நம் பள்ளியில் நிகழ்ந்தது

இதனை நாம் பிறருக்கு அறிவுரையாக எழுதவில்லை. நம்முடைய குற்றத்தையும் இங்கே ஒப்புக்கொள்ள வேண்டும்.

ஆசிரியப் பயிற்சி முடித்து நாம் பணியேற்றுச் சில ஆண்டுகள் ஆகியிருந்தன. 1979ஆம் ஆண்டு. சிற்றூர்ப் பள்ளி ஒன்றில் ஐந்தாம் வகுப்பு நம் பொறுப்பில் இருந்தது. வகுப்பில் நன்றாகப் படிக்கும் பெண் ஒருத்தி அடிக்கடி காய்ச்சலென்று வராமலிருந்தாள். சென்னைக்கு அழைத்துச் சென்றார்கள். இரத்தத்தில் வந்த கேடு என்றும், வீட்டிற்கு அழைத்துச் செல்லலாம் என்றும் சொல்லி அனுப்பிவிட்டார்கள். நாம் பார்க்கச் சென்றபோது வாயிற்படியிலேயே தாய் நம் கையைப் பிடித்துக்கொண்டார்.

"டீச்சரம்மா, பாப்பாகிட்ட மட்டும் எதுவும் சொல்லிடாதீங்க."

நாம் தலையசைத்தோம். உள்ளே, கயிற்றுக் கட்டிலில் அவள் படுத்திருந்தாள். பாடம் எதுவரை நடந்திருக்கிறது என்று கேட்டாள், சொன்னோம். பிறகு கொஞ்ச நேரம் பேசாமலிருந்து, இவ்வாறு கேட்டாள்:

"டீச்சர், ரெஜிஸ்டர்ல என் பேரை அடிச்சிடுவீங்களா?"

நெடுநாள் வராத பிள்ளையின் பெயரைப் பதிவேட்டிலிருந்து நீக்குவதை அவள் பார்த்திருக்கிறாள். நாம் உடனே, "நீதான் அடுத்த வாரமே வந்துடப் போறியே" என்று சிரித்தவாறு சொன்னோம். அவள் "சரிங்க டீச்சர்" என்றாள். அதன்பின் எதையும் கேட்கவில்லை. நாம் புறப்படும்வரை கூரையைப் பார்த்துக்கொண்டே இருந்தாள். இரண்டு வாரங்களுக்குள் அவள் மறைந்தாள். விதிப்படி, அவள் பெயரின்மேல் சிவப்பு மையால் கோடு இழுத்தது நம் கைதான்.

அவள் கேட்டது ஒன்று. நாம் சொன்னது வேறொன்று என்பது வெகு காலம் கழித்தே நமக்கு உறைத்தது. அவள் பிழைப்பாளா என்று நம்மைக் கேட்கவில்லை. அதற்கு விடை அவளுக்குத் தெரிந்திருக்கிறது. தன்னை நாங்கள் மறந்துவிடுவோமா என்றுதான் கேட்டாள். "உன்னை மறக்க மாட்டேனம்மா" என்று சொல்லியிருந்தால் அது பொய்யும் ஆகாது, கொடுமையும் ஆகாது. வாய்மையும் கருணையும் ஒருங்கே நின்ற விடை ஒன்று நம் நாவின் அருகிலேயே இருந்தது. அதனை விடுத்து, பொய்யைத் தேடி எடுத்தோம். நாற்பது ஆண்டுகளுக்கு மேலாகியும் நாம் அவளை மறக்கவில்லை என்பதே, அன்று நாம் அதைச் சொல்லியிருக்கலாம் என்பதற்குச் சான்று.

குற்றமற்ற நன்மை எது?

குற்றமில்லாத நன்மையைத் தருமானால் பொய்யும் வாய்மையின் இடத்தைப் பெறும் என்னும் கருத்தைத் திருக்குறளின் வாய்மை அதிகாரத்தில் காண்கிறோம். பிறருக்குத் தீங்கு தரும் சொல் மெய்யாயினும் அதனை மொழிதல் ஆகாது என்பது நம் ஆன்றோர் அறநூல்களிலும் உள்ள நெறியே. இவற்றைக் காட்டி, "குழந்தையிடம் பொய் சொல்வது அறமே" என்று சிலர் முடித்துவிடுவர். ஆனால் அக்கருத்தில் உள்ள "குற்றமில்லாத" என்னும் நிபந்தனையை அவர்கள் எளிதில் கடந்துவிடுகின்றனர்.

அந்த நன்மை யாருக்கு என்று பார்க்க வேண்டும். நாம் அன்று சிரித்துக்கொண்டு சொன்ன சொல்லால் அக்குழந்தைக்கு என்ன நன்மை விளைந்தது? ஒன்றுமில்லை. அவள் கேட்க நினைத்த அடுத்த கேள்வியும் அடைபட்டது. நன்மை நமக்குத்தான். அவளுடைய கண்களை நேரே நோக்கும் துன்பத்திலிருந்து நாம் தப்பித்துக்கொண்டோம். தத்துவார்த்த சூத்திரம் இம்சையை விளக்கும்போது, பிரமாதத்தோடு கூடிய செயலால் உயிர்க்குத் தீங்கு விளைவிப்பதே இம்சை என்கிறது. பிரமாதம் என்பது விழிப்பின்மை. உள்ளத்து உணர்ச்சிகளுக்கு அடிமைப்பட்ட நிலை. பொய்யும் அவ்வாறே அளக்கப்படுகிறது. வாயினின்று வரும் சொல்லை மட்டுமன்றி அது புறப்பட்ட உள்ளத்தையும் பார்க்க வேண்டும். கருணையிலிருந்து புறப்பட்ட மௌனம் வேறு. அச்சத்திலிருந்து புறப்பட்ட மௌனம் வேறு. வெளிப்பார்வைக்கு இரண்டும் ஒன்றுபோலவே இருப்பதால் நம்மை நாமே ஏமாற்றிக்கொள்கிறோம்.

அப்படியானால் எல்லாவற்றையும் சொல்லிவிடுவதுதான் அறமா? அதுவும் அன்று. கேட்காத குழந்தையின் முன் நோயின் முடிவை எடுத்து வைப்பது, பசியில்லாதவன் வாயில் கவளத்தைத் திணிப்பது போலாகும். உண்மை என்பது கேட்பவருடைய கைக்கு ஏற்ற அளவில் தரப்பட வேண்டிய பொருள். ஐந்து வயதுப் பிள்ளையின் கை சிறியது; பன்னிரண்டு வயதுப் பிள்ளையின் கை அதைவிடப் பெரியது. எந்தக் கையிலும் கல்லைக் கொடுத்துப் பழமென்று சொல்லலாகாது. நம் முடிவு அவ்வளவே.

வினையைப் பற்றி ஒரு சொல்

இவ்விடத்தில் நம்மவர் வழக்கமாகச் சொல்லும் ஒன்றையும் எண்ணிப் பார்க்க வேண்டும். "எல்லாம் அவரவர் வினைப்பயன்" என்று நோயுற்ற குழந்தையின் வீட்டில் கூறுவோர் உண்டு. வினைக் கொள்கையை நாம் மறுக்கவில்லை. ஆனால் அது ஒவ்வொருவரும் தம்மைத் தாமே திருத்திக்கொள்ளத் தரப்பட்ட கண்ணாடி. அதனைப் பிறர் முகத்துக்கு நேரே பிடிப்பதற்கு நமக்கு உரிமையில்லை. பிறருடைய வினை இன்னது என்று அறியும் ஞானம் நமக்கு இல்லை. அக்குழந்தையின் துயரைக் கண்டபின் நாம் செய்வது என்ன என்பதே நமக்குத் தெரிந்த வினை. ஹிரோஷிமாவின்மீது குண்டை எறிந்தோருக்கு, இறந்தவர்களின் முன்வினை ஒரு சாக்காக முடியாது. அதுபோல, பெற்ற வயிறு எரியும் வேளையில் தத்துவம் பேசுவோருக்கும் அது சாக்காகாது.

அதிகாரம் செய்த மறைப்பு

பெற்றோரின் மறைப்பில் அன்பாவது இருந்தது. அதே காலத்தில் அதே ஊரில் வேறொரு மறைப்பும் நடந்தது. 1945 செப்டம்பரில் ஜப்பானைத் தம் ஆட்சியில் வைத்திருந்த நேச நாட்டுப் படையினர் செய்தித்தாள்களுக்குக் கட்டுப்பாடு விதித்தனர். அதன்கீழ், அணுகுண்டு விளைத்த கொடுமைகளைப் பற்றிய செய்திகளும் எழுத்துகளும் சில ஆண்டுகள் தணிக்கைக்கு உட்பட்டன. தங்கள் உடம்பில் நேர்வது என்ன என்பதை அறிய விரும்பிய மக்களுக்கு அதற்கான வழி அடைபட்டிருந்தது.

1947இல் அமெரிக்கர்கள் அங்கே அணுகுண்டுப் பாதிப்பு ஆய்வுக் குழு ஒன்றைத் தொடங்கினர். தப்பிப் பிழைத்தவர்களை அழைத்துப் பரிசோதித்தனர், இரத்தம் எடுத்தனர், குறித்து வைத்தனர். ஆனால் நோய்க்கு மருத்துவம் செய்வதில்லை என்பது அக்குழுவின் கொள்கையாக இருந்தது. "எங்களை ஆராய்ச்சிப் பொருளாக வைத்திருக்கிறார்கள்" என்று மக்கள் மனம் புழுங்கினர். அக்கணக்குகள் பின்னாளில் கதிரியக்கப் பாதுகாப்புக்கு உலகெங்கும் பயன்பட்டன என்பதை மறுக்க முடியாது. 1975இல் அக்குழு இரு நாடுகளும் சேர்ந்து நடத்தும் நிறுவனமாக மாற்றப்பட்டது. எனினும், ஒருவருடைய நோயை அறிந்துகொண்டு அவருக்குக் கை கொடுக்காமலிருக்கும் அறிவு எத்தகைய அறிவு? ஒரு பக்கம் ஒரு சிறுமி தன் வெள்ளணுக் கணக்கைத் துண்டுத் தாளில் எழுதி மறைத்துக்கொண்டிருந்தாள். மறுபக்கம் ஆயிரக்கணக்கானோரின் கணக்குகள் பேரேடுகளில் ஏறிக்கொண்டிருந்தன. இவ்விரண்டையும் அருகருகே வைத்துப் பார்த்தால் நமக்கு விளங்குவது ஒன்றுண்டு. கருணையில்லாத உண்மையும் குறையுடையது; உண்மையில்லாத கருணையும் குறையுடையது.

கொக்குகள் பொய்யா?

1955ஆம் ஆண்டு ஆகஸ்டில் நகோயா நகரத்து மாணவர்கள் மருத்துவமனை நோயாளிகளுக்குக் காகிதக் கொக்குகளை அனுப்பினர். ஆயிரம் கொக்கு மடித்தால் வேண்டியது கைகூடும் என்பது அந்நாட்டு நம்பிக்கை. சடாகோ மடிக்கத் தொடங்கினாள். நல்ல காகிதம் கிடைப்பது அரிது. மருந்து சுற்றி வந்த தாள்களையும், பிறருக்கு வந்த பரிசுப் பொருள்களின் மேலுறைகளையும் சேர்த்து மடித்தாள். தாள் சிறிதானபோது ஊசி முனையால் மடித்தாள். ஆயிரத்தை எட்டுமுன் இறந்தாள் என்று 1977இல் வந்த புகழ்பெற்ற கதைநூல் ஒன்று கூறுகிறது. அது கதைக்காகச் சொல்லப்பட்டது. ஆகஸ்டு முடிவதற்குள்ளேயே ஆயிரத்தைக் கடந்துவிட்டாள் என்பதே அவளுடைய குடும்பத்தாரின் கூற்று. நோய் நீங்கவில்லை. அவள் மடிப்பதையும் நிறுத்தவில்லை.

கதையைவிட இவ்வுண்மை நமக்குப் பெரிதாகத் தோன்றுகிறது. ஆயிரம் முடிந்தும் பலிக்காதபோது ஒரு குழந்தை என்ன செய்வாள்? ஏமாற்றிவிட்டார்கள் என்று எறிந்துவிடலாம். தன் இரத்தக் கணக்கை அறிந்திருந்த அச்சிறுமி மறுபடியும் ஒரு தாளை எடுத்தாள். ஆகவே அவள் நம்பிக்கை அறியாமையில் பிறந்ததன்று. உண்மையை அறிந்தவர்களுக்கும் நம்பிக்கை கொள்ள இடமுண்டு. உண்மையைச் சொன்னால் நம்பிக்கை இறந்துவிடும் என்று அஞ்சிப் பொய் சொல்வோர்க்கு அவளே மறுமொழி. பிள்ளைக்கு நாம் கொடுக்க வேண்டியது பொய்யான வாக்குறுதியன்று. கைக்கு ஒரு வேலை, அருகே ஒரு துணை, நாளைக்குச் செய்ய ஏதேனும் ஒன்று.

அக்டோபர் 25ஆம் நாள் காலை, குடும்பத்தார் சூழ்ந்திருக்க, தேநீர் ஊற்றிய சோற்றில் சிறிது உண்டு, சுவையாக இருக்கிறது என்று சொல்லி அவள் கண்மூடினாள் என்று அவர்கள் நினைவுகூர்ந்துள்ளனர். அவளுக்கு வயது பன்னிரண்டு.

பிள்ளைகள் சொன்ன உண்மை

பெரியவர்கள் மறைத்ததை உலகிற்குச் சொன்னவர்கள் அவளுடைய வகுப்புத் தோழர்களே. அவளுக்கும், குண்டினால் மாண்ட எல்லாக் குழந்தைகளுக்கும் ஒரு நினைவுச் சின்னம் வேண்டும் என்று அவர்கள் பொருள் திரட்டினர். ஜப்பான் முழுவதிலுமிருந்து மூவாயிரத்துக்கு மேற்பட்ட பள்ளிகள் உதவின. அயல்நாடுகளிலிருந்தும் உதவி வந்தது. 1958 மே 5ஆம் நாள், அந்நாட்டின் குழந்தைகள் தினத்தன்று, ஹிரோஷிமா அமைதிப் பூங்காவில் அச்சின்னம் திறக்கப்பட்டது. அதன் உச்சியில் ஒரு சிறுமி கொக்கை உயர்த்திப் பிடித்து நிற்கிறாள். அதனுள் தொங்கிய மணியை அளித்தவர் 1949இல் இயற்பியலுக்கு நோபல் பரிசு பெற்ற ஹிதேகி யுகாவா. அணுவின் உட்கருவை ஆராய்ந்த ஓர் அறிஞர், அணுவால் மாண்ட குழந்தைகளுக்கு மணி அளித்தார் என்பதில் ஒரு பரிகாரத்தை நாம் காண்கிறோம்.

1957இல்தான் பாதிக்கப்பட்டோருக்கு மருத்துவ உதவி அளிக்கும் சட்டம் ஜப்பானில் இயற்றப்பட்டது. சடாகோவுக்கு அது பயன்படவில்லை. 1956இல் பாதிக்கப்பட்டோர் சேர்ந்து அமைத்த நிஹோன் ஹிதான்கியோ என்னும் சங்கம், தாம் பட்டதைத் தம் வாயாலேயே உலகிற்குச் சொல்லி வந்தது. அதற்கு 2024ஆம் ஆண்டு அமைதிக்கான நோபல் பரிசு வழங்கப்பட்டது. குண்டை வீச ஆணையிட்ட அமெரிக்கத் தலைவர் ட்ரூமனின் பேரன் 2012இல் ஹிரோஷிமா நினைவு நிகழ்ச்சிக்கு வந்து தலை வணங்கினார். சடாகோ மடித்த ஒரு சிறு கொக்கை அவளுடைய குடும்பத்தார் முன்னரே அவருக்குக் காட்டியிருந்தனர். உண்மையைப் பகையின்றிச் சொல்ல முடியும் என்பதற்கு இதனினும் நல்ல எடுத்துக்காட்டு வேண்டியதில்லை.

நம் வீடுகளுக்கு

இன்று காலம் மாறியிருக்கிறது. மருத்துவ வசதி மிக்க நாடுகளில், குழந்தைகளுக்கு வரும் இரத்தப் புற்றில் பெரும்பான்மையான வகையிலிருந்து பத்தில் ஏறத்தாழ ஒன்பது பேர் மீள்கின்றனர். நம் நகரங்களிலும் பலர் மீள்கின்றனர். சிகிச்சை ஆண்டுக்கணக்கில் நீள்கிறது. தலைமுடி உதிர்கிறது; ஊசி குத்தப்படுகிறது. ஏன் என்று அறியாத குழந்தை அதைத் தண்டனையாகவே எண்ணுகிறது. தான் செய்த ஏதோ தவறுக்காகத்தான் இவ்வாறு நேர்ந்தது என்று நினைத்து உள்ளுக்குள் அழுகிற பிள்ளைகளும் உண்டு. ஆகவே உண்மையை அறிவிப்பது முன்னைவிட இன்று மிகவும் தேவையானது.

தாய்மார்களுக்கும் பாட்டிமார்களுக்கும் ஒரு பழைய ஆசிரியை என்னும் முறையில் நாம் சொல்லக்கூடியவை சிலவே. குழந்தை கேட்கும்போது, கேட்டது எது என்பதை முதலில் நன்றாகக் கேளுங்கள். விளங்கவில்லையெனில், "ஏன் கண்ணு அப்படிக் கேக்கற?" என்று திருப்பிக் கேட்பதில் தவறில்லை. கேட்ட அளவுக்குச் சொல்லுங்கள். அதற்குமேல் அவசரப்பட வேண்டாம். தெரியாததைத் தெரியாது என்று சொல்லுங்கள். நம் கையில் இல்லாததை வாக்குறுதியாகத் தராதீர்கள். நம் கையில் இருப்பதைத் தயங்காமல் தாருங்கள். "உன்னை விட்டுப் போக மாட்டேன்" என்பது நம் கையில் இருப்பது. கண்ணீர் வந்தால் மறைக்க வேண்டியதில்லை. நாம் அழுவதைக் கண்ட குழந்தை, தானும் அழலாம் என்று அறிந்துகொள்ளும்.

ஓர் உயிருக்கு அதன் அச்சத்தில் துணையாக நிற்பதும் அபயதானமே. அத்தானத்திற்குப் பொருள் வேண்டாம். பொய்யில்லாத ஒரு சொல் போதும்.

அன்றைய பதிவேட்டில் நாம் இழுத்த சிவப்புக் கோட்டை இனி அழிக்க முடியாது. ஆனால் அக்கோட்டின்கீழ் இருந்த பெயர் இன்றும் நமக்கு நினைவிருக்கிறது. அவள் கேட்ட கேள்விக்கு, காலம் கடந்து, இவ்வாறு விடை எழுதினோம்.